அகலக்கால் வைத்த பேரண்டம்

2023 அக்டோபர் கடைசி வாரம். ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ் 2’ என்ற நகரம் கட்டும் கணினி விளையாட்டு வெளியாகிச் சில நாட்கள்தான் ஆகியிருந்தன. காசு கொடுத்து வாங்கியவர்கள் எல்லோரும் ஒரே குறையைச் சொன்னார்கள்: திரையில் படம் நகர மறுக்கிறது. பழைய கணினி வைத்திருந்தவர்கள் சொன்னால் புரிந்துகொள்ளலாம். சந்தையிலேயே விலை உயர்ந்த கிராஃபிக்ஸ் கார்டைப் பொருத்தியிருந்தவர்களும் அதையே சொன்னார்கள். எங்கே சிக்குகிறது என்று பார்க்க, நிரல் தெரிந்த ரசிகர்கள் விளையாட்டைப் பிரித்து மேய்ந்தார்கள். கிடைத்த விடைகளில் ஒன்று விசித்திரமாக இருந்தது.

பல்.

நகரத்தில் நடமாடும் குடிமக்களின் மூடிய வாய்க்குள் முழுப் பல்வரிசை இருந்தது. ஆடுபவரோ விமானத்தின் ஜன்னலிலிருந்து பார்ப்பதுபோல உயரத்திலிருந்துதான் ஊரைப் பார்க்கிறார். அவர் கண்ணுக்கு மனிதர்கள் எறும்பளவு. அந்த எறும்பு ஒவ்வொன்றையும் வரைய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட புள்ளிகளைக் கணினி கணக்கிட்டுக்கொண்டிருந்தது.

கோயில் கோபுரத்தைப் பேருந்து நிலையத்திலிருந்து பார்ப்பவருக்கு அதிலுள்ள பொம்மையின் விரல் நகம் தெரியாது. கணினி விளையாட்டுகளும் இதே நியாயத்தில்தான் இயங்குகின்றன. ஒரு பொருளுக்குக் கிட்டத்தில் காட்ட நுணுக்கமான வடிவம் ஒன்று, தொலைவில் காட்ட எளிய வடிவம் ஒன்று என்று செய்துவைப்பார்கள். இங்கே ஆள் உருவங்களுக்கு அந்த எளிய வடிவம் செய்யப்படவே இல்லை. வேகக்குறைவுக்குப் பல் மட்டுமே காரணமல்ல என்று விளக்கிய தயாரிப்பாளர்கள், அந்த வேலை பாக்கி இருப்பதை ஒப்புக்கொண்டார்கள்.

பல் விவகாரம் சில வாரங்களுக்கு இணையத்தில் கேலிப் பொருளாக உலவியது. ஆனால் நெடுநாள் காத்திருந்து ஏமாந்த வியூக விளையாட்டு ரசிகர்களுக்கு அது பழகிய கதை. ஒரு நல்ல விளையாட்டின் அடுத்த பாகம் அறிவிக்கப்படும். அதில் அது இருக்கும், இது இருக்கும் என்று பட்டியல் நீளும். வெளியீட்டுத் தேதி தள்ளிப் போகும், மறுபடியும் தள்ளிப் போகும். மகிழ்ச்சியில் தொடங்கிய எதிர்பார்ப்பு மெல்லக் கவலையாகும். இந்தக் கவலைக்குக் காரணம் பொறுமையின்மை மட்டும்தானா?

யோசிப்பவர்களின் ஆட்டம்

கணினி விளையாட்டு என்றதும் துப்பாக்கிச் சண்டையும் கார் பந்தயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். வியூக விளையாட்டு வேறு ரகம். விரல் வேகத்தைவிட யோசனைக்கு இங்கே வேலை அதிகம். ஆடுபவர் ஒரு மன்னர், அல்லது மேயர், அல்லது தளபதி. வரி எவ்வளவு போடுவது, சாலையை எந்தப் பக்கம் இழுப்பது, படையை எங்கே நிறுத்துவது என்று முடிவெடுத்துக்கொண்டே போக வேண்டும். நல்ல விளையாட்டு என்றால் சுவையான முடிவுகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருக்க வேண்டும் என்பது ‘சிவிலைசேஷன்’ தொடரைத் தொடங்கிய சித் மெயர் நெடுங்காலமாகச் சொல்லிவரும் விளக்கம்.

சதுரங்கத்தில் 64 கட்டங்கள், 32 காய்கள். நகர்த்திய காயின் பலன் கண்ணெதிரே தெரிந்துவிடும். கணினி வியூக விளையாட்டில் கட்டங்கள் ஆயிரக்கணக்கில் இருக்கும், காய்களில் பெரும்பாலானவை தாமாகவே நகரும். தயாரிப்பவர்களின் தலைவலி இங்கேதான் தொடங்குகிறது. சண்டை விளையாட்டில் புதிதாக ஒரு துப்பாக்கியைச் சேர்த்தால் ஒரு துப்பாக்கி கூடியது, அவ்வளவுதான். வியூக விளையாட்டில் ‘மதம்’ என்று ஒன்றைச் சேர்த்தால் அது வரியைத் தொடும், மக்களின் மனநிலையைத் தொடும், அண்டை நாட்டு உறவைத் தொடும். எதிரணிக்காக ஆடும் கணினிக்கும் அதைக் கற்றுத்தர வேண்டும். பத்து அமைப்புகள் உள்ள விளையாட்டில் பதினோராவதைச் சேர்த்தால், ஏற்கெனவே உள்ள பத்தையும் திறந்து பார்த்தாக வேண்டும்.

இரண்டாம் பாகத்தில் இந்த ஆபத்து இரட்டிப்பாகிறது. முதல் பாகத்தைச் செய்யும்போது பணமும் நேரமும் கைகளைக் கட்டிப்போடும். ஆசைப்பட்டதில் பாதியை ‘பிறகு பார்ப்போம்’ என்று ஒதுக்கிவைத்துவிடுவார்கள். விளையாட்டு வெற்றி பெற்றதும் ஒதுக்கிவைத்த எல்லாம் மேசைக்குத் திரும்பி வரும். ஐபிஎம் நிறுவனத்தில் மாபெரும் மென்பொருள் திட்டத்தை வழிநடத்திய ஃப்ரெட் புரூக்ஸ் 1975-ல் வந்த தன் புத்தகத்திலேயே இந்த வியாதிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார்: இரண்டாம் அமைப்பு விளைவு. ஒரு வடிவமைப்பாளர் செய்வதிலேயே அபாயமானது அவருடைய இரண்டாவது படைப்புதான். முதலில் அடக்கிவைத்த ஆசைகளை எல்லாம் அதில் கொட்டிவிடுவார் என்றார். தாமதமாகிவிட்ட மென்பொருள் வேலையில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது இன்னும் தாமதமாகும் என்ற புகழ்பெற்ற விதியும் அதே புத்தகத்தில்தான் இருக்கிறது. அவர் விளையாட்டுகளைப் பற்றி எழுதவில்லை. ஆனால் கால் நூற்றாண்டுக்குப் பிறகு விண்வெளியில் நடந்த ஒரு கதைக்கு அந்த இரண்டாம் அமைப்பு விளைவு அப்படியே பொருந்தியது.

ஐந்து பட்டைகளில் ஒரு பேரரசு

‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ 1993-ல் வந்தது. ஸ்டீவ் பார்சியா தலைமையில் சிம்டெக்ஸ் என்ற சிறிய நிறுவனம் உருவாக்க, மைக்ரோபுரோஸ் வெளியிட்டது. பத்து இனங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஒரே ஒரு கோளில் தொடங்கி, விண்மீன் மண்டலத்தையே கைப்பற்றப் பார்க்க வேண்டும். பெரிய வரைபடத்தில் 108 விண்மீன்கள்.

இந்த விளையாட்டுக்கு அறிமுகக் கட்டுரை எழுதிய ஆலன் எம்ரிச் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர், இந்த ரகத்துக்கே ஒரு பெயரை உருவாக்கினார்: ஃபோர் எக்ஸ். தேடு, பரவு, பயன்படுத்து, அழி என்ற பொருள் தரும் நான்கு ஆங்கிலச் சொற்களில் ஒலிக்கும் எக்ஸ் எழுத்திலிருந்து வந்த பெயர் அது. இன்றுவரை உலகம் முழுக்க அதுவே வழக்கில் இருக்கிறது.

அந்த விளையாட்டின் இதயத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்க்கலாம். ஒரு கோளைச் சொடுக்கினால் வலப்பக்கம் ஐந்து பட்டைகள் தெரியும்: கப்பல், பாதுகாப்பு, தொழில், சுற்றுச்சூழல், ஆய்வு. கோளின் மொத்த உற்பத்தியை இந்த ஐந்துக்கும் பங்கிட வேண்டும். ஆய்வுப் பட்டையை நீட்டினால் மற்றவை குறுகும். கப்பலுக்கு ஒதுக்கினால் எத்தனை ஆண்டில் கப்பல் தயாராகும் என்று பக்கத்திலேயே எழுதிக் காட்டும். தொழிற்சாலைகள் பெருகக் கழிவும் பெருகும். சுற்றுச்சூழல் பட்டைக்குப் போதிய பங்கு விட்டால் ‘சுத்தம்’ என்று வரும், விடாவிட்டால் ‘கழிவு’ என்று வரும். பேரரசு நிர்வாகம் மொத்தமும் இவ்வளவுதான். ஒன்றைக் கொடுத்தால் இன்னொன்றை இழப்பாய் என்ற கணக்கு ஐந்து கோடுகளில் அடங்கிவிட்டது. முப்பது கோள்களைப் பிடித்த பிறகும் ஒருவரால் எல்லாவற்றையும் மனதில் வைத்திருக்க முடிந்தது.

1996-ல் இரண்டாம் பாகம் வந்தது. ஒரே விண்மீனைச் சுற்றிப் பல கோள்கள், ஒவ்வொரு கோளிலும் தனித்தனியாகக் கட்ட வேண்டிய கட்டடங்கள், மக்களை உழவர், தொழிலாளர், அறிவியலாளர் என்று பிரித்து வேலைக்கு அமர்த்தும் வசதி என ஆட்டம் விரிந்தது. ரசிகர்கள் கொண்டாடினார்கள். பலருக்கு இன்றும் பிடித்த பாகம் இதுவே. ஆனால் ஆட்டத்தின் பிற்பகுதியில் கை சோர்ந்துவிடும். முப்பது கோள்களிலும் ‘அடுத்து என்ன கட்ட?’ என்ற கேள்வி ஒவ்வொரு சுற்றிலும் வந்து நிற்கும். பேரரசருக்கு மேஸ்திரி வேலை.

மறுஆண்டே சிம்டெக்ஸ் மூடப்பட்டது. மைக்ரோபுரோஸ் ஹாஸ்பிரோவிடம் போனது. ஹாஸ்பிரோவின் கணினி விளையாட்டுப் பிரிவு பிரான்சின் இன்ஃபோகிராம்ஸ் கைக்கு மாறியது. மூன்றாம் பாகத்தைச் செய்யும் பொறுப்பு கலிஃபோர்னியாவின் குவிக்சில்வர் என்ற நிறுவனத்துக்கு வந்தது. தலைமை வடிவமைப்பாளராக வந்தவர் வேறு யாருமல்ல, ஃபோர் எக்ஸ் என்ற பெயரைச் சூட்டிய அதே ஆலன் எம்ரிச்.

வைஸ்ராய்களின் ராஜ்யம்

எம்ரிச்சின் திட்டம் பெரிது, அதேசமயம் அதில் உண்மையான ஒரு சிந்தனையும் இருந்தது. நான்கு எக்ஸ்களோடு ஐந்தாவதாக ‘அனுபவம்’ என்ற எக்ஸைச் சேர்க்க விரும்பினார். நிஜப் பேரரசர் எவரும் ஒவ்வொரு ஊரிலும் எந்தக் கொட்டகை கட்டுவது என்று முடிவு செய்வதில்லை. அவருக்கு ஒரு நாளில் இத்தனை விஷயங்களைத்தான் கவனிக்க முடியும். விளையாட்டும் அப்படி இருந்தால் என்ன? ஒவ்வொரு சுற்றிலும் ஆடுபவருக்கு ‘கவனப் புள்ளிகள்’ குறிப்பிட்ட அளவே தரப்படும். ஓர் ஆணை பிறப்பித்தால் ஒரு பகுதி செலவாகும். தீர்ந்துவிட்டால் மிச்ச நாட்டைக் கணினி இயக்கும் வைஸ்ராய்கள் பார்த்துக்கொள்வார்கள். எதை நாம் கவனிப்பது, எதைப் பிறரிடம் விடுவது என்பதே ஆட்டத்தின் மையமாகும். இரண்டாம் பாகத்தின் மேஸ்திரி வேலைக்கும் அதுவே மருந்தாகும்.

இந்த மையத்தைச் சுற்றி மற்றவை அடுக்கப்பட்டன. பதினாறு இனங்கள், வாக்குகளும் தீர்மானங்களும் கொண்ட விண்மீன் செனட், கோள்களின் வகைக்கேற்ப எழுதி வைக்கும் வளர்ச்சித் திட்டங்கள், தனிக் கப்பல்களுக்குப் பதில் படையணிகளாக நிகழ்நேரத்தில் நடக்கும் போர், மறைந்துபோன ஆன்டாரன் இனத்தின் ஐந்து ரகசியங்களைத் தேடிக் கண்டுபிடித்தாலும் வெற்றி என்ற தனிப் பாதை. இவற்றுக்கெல்லாம் பின்னே ஆயிரமாண்டுக் கணக்கில் விரியும் ஒரு கற்பனை வரலாறு. வடிவமைப்புக் குறிப்புகளை ரசிகர்கள் ஆவலோடு படித்தார்கள். வெளியீடு தள்ளிப் போனபோது, பெரிய சமையல், நேரமாகத்தான் செய்யும் என்று தேற்றிக்கொண்டவர்கள் உண்டு. இத்தனையும் ஒரே பானையில் வேகுமா என்று முணுமுணுத்தவர்களும் உண்டு.

வெளியீட்டுக்கு முன்பே கவனப் புள்ளிகள் கைவிடப்பட்டன. 2002-ல் எம்ரிச்சும் விலகினார். 2003 பிப்ரவரியில் விளையாட்டு கடைக்கு வந்தபோது நடுத்தூண் இல்லை, அதைச் சுற்றிக் கட்டிய மண்டபம் மட்டும் இருந்தது. பேரரசரின் கவனத்துக்கு இப்போது எல்லையில்லை. அந்த எல்லையை ஈடுகட்டவென்று வைத்த வைஸ்ராய்களோ அப்படியே இருந்தார்கள்.

விளைவு என்ன? திரை முழுக்கப் பட்டியல்கள், பட்டியலுக்குள் பட்டியல்கள். வரி, உற்பத்தி, மக்கள், படை என்று எண்கள் குவிந்தன. எதைத் தொட்டால் எது அசையும் என்பது புலப்படவில்லை. ஆடுபவர் உட்கார்ந்து வரிசைப்படுத்திய கட்டுமானப் பட்டியலை வைஸ்ராய் தன் போக்கில் மாற்றிவிடுகிறார் என்று புகார்கள் வந்தன. நேற்றுப் போர் அறிவித்த இனம் இன்று உறவு கேட்டு வந்தது. கணக்குப்பிள்ளையின் பேரேட்டைப் புரட்டுவது போலிருக்கிறது என்று விமர்சகர்கள் எழுதினார்கள். எல்லாவற்றிலும் கூர்மையான குற்றச்சாட்டு ஒன்று இருந்தது: எதையும் தொடாமல் ‘அடுத்த சுற்று’ பொத்தானை மட்டும் அழுத்திக்கொண்டே போனாலும் ஆட்டம் பாட்டுக்கு நன்றாகவே நடக்கிறது.

வியூக விளையாட்டுக்கு இதைவிடப் பெரிய தோல்வி இருக்க முடியாது. பிழைகளைத் திருத்தலாம், மெதுவாக ஓடுவதைச் சரிசெய்யலாம். ஆடுபவரே தேவையில்லை என்றால் எதைத் திருத்துவது? அதிகாரப்பூர்வமாகச் சில திருத்தங்கள் வந்து நின்றன. பிறகு ரசிகர்களே திருத்தங்கள் எழுதிப் பார்த்தார்கள். தொடர் பத்தாண்டுகளுக்கு மேல் உறங்கியது. இன்ஃபோகிராம்ஸ் பிறகு அட்டாரி என்று பெயர் மாறியது. அதன் அமெரிக்க நிறுவனம் 2013-ல் திவாலாகி ஏலத்துக்கு வந்தபோது ‘வேர்ல்ட் ஆஃப் டேங்க்ஸ்’ புகழ் வார்கேமிங் நிறுவனம் பெயரை வாங்கியது. 2016-ல் வந்த புதிய ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ மூன்றாம் பாகத்தின் பக்கமே தலைவைக்காமல், பழைய வழிக்குத் திரும்பியது.

மானியத்தில் ஓடிய நகரம்

மறுபடியும் பல் முளைத்த குடிமக்களிடம் வருவோம். அவர்களின் கதை இன்னொருவரின் தோல்வியில் தொடங்குகிறது.

நகரம் கட்டும் விளையாட்டுகளின் தாய் ‘சிம்சிட்டி’. அதன் புதிய பதிப்பை எலெக்ட்ரானிக் ஆர்ட்ஸ் என்ற ராட்சத நிறுவனம் 2013 மார்ச்சில் வெளியிட்டது. தனியாக ஆடினாலும் இணைய இணைப்பு இருந்தே ஆக வேண்டும் என்ற கட்டாயம், முதல் நாளிலேயே நெரிசலில் விழுந்த சர்வர்கள், இரண்டு கிலோமீட்டருக்கு இரண்டு கிலோமீட்டர் என்று கைக்குட்டை அளவுக்கு நிலம். ரசிகர்கள் கொதித்தார்கள். காலியான அந்த இடத்தில் பின்லாந்தின் தாம்பெரே நகரத்திலிருந்து ஒரு சின்னக் கூட்டம் நுழைந்தது. கொலோசல் ஆர்டர் என்று பெயர் பெரிதாக இருந்தாலும் ஆட்கள் ஏறக்குறைய ஒரு டஜன்தான். சுவீடனின் பாரடாக்ஸ் நிறுவனம் பணம் போட்டது. 2015 மார்ச்சில் வந்த ‘சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்’ ஒரே மாதத்தில் பத்து லட்சம் விற்றது, 2022-க்குள் ஒரு கோடியே 20 லட்சத்தைத் தொட்டது.

அந்த விளையாட்டின் எல்லைகள் ரசிகர்களுக்கு மனப்பாடம். ஒரே நேரத்தில் ஊருக்குள் நடமாடக்கூடியவர்கள் 65,536 பேர், அதற்கு மேல் கணக்குக் கொள்ளாது. இரண்டாம் பாகம் அறிவிக்கப்பட்டபோது இந்த வேலிகளைத்தான் முதலில் பிடுங்குவதாகச் சொன்னார்கள். வரைபடத்தில் 441 நிலத்துண்டுகள். ஒவ்வொரு குடிமகனும் நேரம், செலவு, வசதி பார்த்துத் தன் வழியைத் தேர்ந்தெடுப்பான். மூலப்பொருள் வயலிலிருந்து ஆலைக்கும், ஆலையிலிருந்து கடைக்கும், அங்கிருந்து ஏற்றுமதிக்கும் போகும். வீட்டு வாடகை, கம்பெனி லாபம், வேலையின்மை எல்லாம் பின்னிப் பிணைந்திருக்கும்.

2023 செப்டம்பர் இறுதியில் முதல் அபாய மணி அடித்தது. கேம் கன்சோல்களுக்கான பதிப்பு அடுத்த ஆண்டுக்குத் தள்ளிவைக்கப்பட்டது. கணினிக்கு வேண்டிய திறனின் அளவும் உயர்த்தப்பட்டது. வெளியீட்டுக்குச் சில நாட்கள் முன்பு, வேகத்தில் தாங்கள் வைத்த இலக்கை எட்டவில்லை என்று தயாரிப்பாளர்களே அறிவித்தார்கள். ஆனாலும் சொன்ன தேதியில், அக்டோபர் 24-ல், வெளியிட்டார்கள்.

வேகம் மெல்ல மெல்லத் தேறியது. அதைவிட ஆழமான கோளாறு பிறகுதான் பிடிபட்டது. நகரத்தின் பொருளாதாரத்தை எவ்வளவு மோசமாக நடத்தினாலும் கஜானா காலியாகவில்லை. அரசு மானியம் என்ற பெயரில் பணம் வந்து பள்ளத்தை நிரப்பிக்கொண்டிருந்தது. ஒரு சந்தில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு லாரிகள் ஓடுகின்றன, கடைகளில் சரக்கு இறங்குகிறது, எண்கள் ஏறி இறங்குகின்றன. மேயரின் நாற்காலியில் இருப்பவருக்கு மட்டும் வரியைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஒன்றுதான். இருபது ஆண்டு இடைவெளியில், வேறொரு கண்டத்தில், வேறொரு ஸ்டூடியோவில், அதே இடத்தில் வந்து முட்டிக்கொண்டார்கள்: ஆட்டம் ஆடுபவரைக் கேட்காமலே நடந்துகொண்டிருந்தது.

2024 ஜூனில் பொருளாதாரத்தை அடியோடு மாற்றியமைத்த ஒரு பெரிய திருத்தம் வந்தது. மானியம் நீக்கப்பட்டது. செழிப்பாகத் தெரிந்த பல நகரங்கள் அன்றே கடனில் விழுந்தன. மேயர்கள் முதல் முறையாகக் கணக்குப் பார்க்க உட்கார்ந்தார்கள்.

அதற்குள் மனஸ்தாபம் முற்றியிருந்தது. அடிப்படை சரியாவதற்கு முன்பே, 2024 மார்ச்சில், கடற்கரை வீடுகள் அடங்கிய ஒரு கூடுதல் தொகுப்பைக் காசுக்கு விற்றார்கள். கூரை ஒழுகும் வீட்டுக்கு ஜன்னல் திரை விற்றது போலிருந்தது ரசிகர்களுக்கு. கண்டனம் வலுக்கவே ஏப்ரலில் இரு நிறுவனத் தலைமைகளும் சேர்ந்து மன்னிப்புக் கடிதம் எழுதி, பணத்தைத் திருப்பித் தர ஏற்பாடு செய்தன.

காத்திருப்பு பலித்ததும் பலிக்காததும்

அப்படியானால் தாமதமே கெட்ட சகுனமா? இல்லை என்பதற்கு ‘ஸ்டார்கிராஃப்ட் 2’ சாட்சி. முதல் பாகம் வந்தது 1998-ல். அடுத்தது வர 12 ஆண்டுகள் ஆயின. நடுவில் பிளிசார்ட் நிறுவனம் எடுத்த ஒரு முடிவு அன்று பெரும் முணுமுணுப்பைக் கிளப்பியது: மூன்று இனங்களின் கதையையும் ஒரே பெட்டியில் தராமல் மூன்று வெளியீடுகளாகப் பிரிப்பதாக 2008-ல் அறிவித்தார்கள். ஒரே பண்டத்துக்கு மூன்று முறை காசா என்று கேட்டவர்கள் உண்டு. பிறகு, இணையத்தில் எதிராளிகளைச் சேர்த்துவைக்கும் சேவை தயாராகவில்லை என்று சொல்லி 2009-லிருந்து மறுஆண்டுக்குத் தள்ளினார்கள். 2010 ஜூலையில் வந்த முதல் வெளியீடு 48 மணி நேரத்தில் 15 லட்சம் விற்றது. மற்ற இரண்டும் 2013-லும் 2015-லும் வந்து சேர்ந்தன. அங்கே தாமதத்தின்போது வேலை துண்டு துண்டாக நறுக்கப்பட்டது. எது முடிந்ததோ அது மட்டும் கடைக்குப் போனது.

எதிர்த் திசையில் ஓர் உதாரணம் ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம் 2’. வியூகத்தைவிட ராக்கெட் பொறியியல் அதிகம் உள்ள ஆட்டம் இது என்றாலும் ரசிகர் கூட்டம் கிட்டத்தட்ட ஒன்றே. மெக்சிகோவில் ஒரு சிறு குழு உருவாக்கிய முதல் பாகம், பச்சை நிறக் குட்டி மனிதர்களை வைத்து சுற்றுப்பாதை இயற்பியலை உலகுக்குக் கற்றுத்தந்தது. 2019-ல் இரண்டாம் பாகத்தின் முன்னோட்டம் வந்தது. வேற்றுக் கோள்களில் குடியேற்றங்கள், வேறு விண்மீன்களுக்குப் பயணம், நண்பர்களோடு சேர்ந்து ஆடும் வசதி. 2020-ல் வர வேண்டியது 2021, 2022, 2023 என்று நகர்ந்தது. இடையில் வெளியீட்டாளர் வேலையை ஒரு ஸ்டூடியோவிடமிருந்து எடுத்துப் புதிதாகத் தொடங்கிய இன்னொன்றிடம் கொடுத்தார். 2023 பிப்ரவரியில் முன்னோட்டப் பதிப்பாக 50 டாலர் விலையில் கடைக்கு வந்தபோது அந்த மூன்றில் ஒன்றும் இல்லை. 2024-ல் ஸ்டூடியோ மூடப்பட்டது. மூன்றும் வரவே இல்லை. ரசிகர்கள் பழைய முதல் பாகத்தையே ஆடிக்கொண்டிருந்தார்கள்.

அதில் ஆச்சரியமில்லை. இரண்டாம் பாகத்துக்கு உண்மையான போட்டியாளர் வேறொரு நிறுவனத்தின் விளையாட்டல்ல, தன் சொந்த அண்ணன். முதல் பாகம் வெளியான அன்று எப்படி இருந்தது என்பதை எல்லோரும் மறந்திருப்பார்கள். பல ஆண்டுத் திருத்தங்கள், பத்துப் பதினைந்து கூடுதல் தொகுப்புகள், ரசிகர்கள் இலவசமாகச் செய்துகொடுத்த ஆயிரக்கணக்கான ‘மோட்’கள் எல்லாம் சேர்ந்து அது கொழுத்திருக்கும். நேற்றுப் பிறந்த தம்பியை அதன் பக்கத்தில் நிறுத்துவார்கள். இந்த ஒப்பீட்டுக்கு அஞ்சித்தான் தயாரிப்பாளர்கள் பட்டியலை நீட்டுகிறார்கள். பட்டியல் நீள நீளத் தேதி தள்ளிப் போகிறது. தேதி தள்ளிப் போகப் போக, இவ்வளவு காக்க வைத்தீர்களே என்ற கேள்விக்குப் பதில் சொல்ல இன்னும் இரண்டைச் சேர்க்க வேண்டியிருக்கிறது.

பணத்தின் நெருக்கடியும் சேர்ந்துகொள்ளும். ஒவ்வொரு மாதத் தாமதத்துக்கும் மொத்தக் குழுவின் சம்பளம் செலவு. வெளியீட்டாளர் பங்குச்சந்தை நிறுவனமாக இருந்தால் காலாண்டுக் கணக்கு காத்திருக்காது. ஆகவே பல ஆண்டுகள் இழுத்த வேலை கடைசி மூன்று மாதத்தில் அவசர அவசரமாக முடிக்கப்படுகிறது. நெடுநாள் தாமதமான விளையாட்டு அரைவேக்காடாக வருவது எப்படி என்று வெளியில் இருப்பவர்கள் குழம்புவது இதனால்தான்.

தீர்வு தேடும் முயற்சிகளும் நடக்கின்றன. ‘லைஃப் பை யூ’ என்ற விளையாட்டைப் பலமுறை தள்ளிவைத்த பாரடாக்ஸ், 2024 ஜூனில் அதை ஒரேயடியாகக் கைவிட்டது. அதே நிறுவனத்தின் இன்னொரு பிரிவு, பார்சிலோனா அருகே, வேறு வழியில் போனது. 2013-ல் வந்த ‘யூரோப்பா யூனிவர்சாலிஸ் 4’ விளையாட்டின் அடுத்த பாகத்தை, பெயரைக்கூட அறிவிக்காமல், 2024 பிப்ரவரியிலிருந்து வாரா வாரம் பகுதி பகுதியாக ரசிகர்கள் முன் விரித்தார்கள். வரைபடத்தில் எந்த நாட்டின் எல்லை தவறு, எந்த ஊரின் பெயர் தவறு என்று அந்தந்த நாட்டுக்காரர்களே சுட்டிக்காட்டத் திருத்திக்கொண்டார்கள். ஆட்டம் தொடங்கும் ஆண்டு 1337. மதுரையில் சுல்தான்கள் ஆட்சியைப் பிடித்து இரண்டாண்டு ஆன, விஜயநகரம் பிறந்து ஓராண்டு ஆன காலம் அது. அங்கிருந்து 1837 வரை 500 ஆண்டுகள். 2025 நவம்பர் 4-ல் வெளிவந்தது.

அதன் பிரம்மாண்டமும் சிலரை மிரட்டத்தான் செய்தது. ஊர் ஊராக மக்கள்தொகை, சந்தை, சரக்கு, வணிகம் என்று கணக்கு விரிகிறது. தயாரிப்பாளர்கள் கண்ட வழி பழைய ரசிகர்களின் காதில் மணியடித்திருக்கும்: வேண்டாத துறைகளைக் கணினியிடமே ஒப்படைத்துவிடலாம். வரியை அது பார்த்துக்கொள்ளும், வணிகத்தை அது பார்த்துக்கொள்ளும். எம்ரிச்சின் வைஸ்ராய்கள் 22 ஆண்டு கழித்து வேறு உடையில் வந்து நிற்கிறார்கள். ஆனால் இப்போது துறைக்குத் துறை ஒரு பொத்தான். எதைக் கொடுப்பது, எதை எப்போது திரும்பப் பிடுங்குவது என்பது ஆடுபவர் கையில்.

தாம்பெரேயில் வேறொரு முடிவு. பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் கூட்டாளிகளாக இருந்த பாரடாக்ஸும் கொலோசல் ஆர்டரும் பிரிவதாக 2025 நவம்பரில் அறிவித்தன. 2026 தொடக்கத்திலிருந்து நகரத்தின் சாவி, அதே ஊரில் இருக்கும் ஐஸ்ஃப்ளேக் என்ற ஸ்டூடியோவின் கையில்.

1993-ன் ‘மாஸ்டர் ஆஃப் ஓரியன்’ இன்றும் இணையக் கடைகளில் சொற்ப விலைக்குக் கிடைக்கிறது. இன்றைய கைப்பேசிப் படத்தைவிடக் கரடுமுரடான படம். திறந்தால் ஆண்டு 2300, கையில் ஒரே கோள், வலப்பக்கம் ஐந்து பட்டைகள். ஆய்வுப் பட்டையைக் கொஞ்சம் நீட்டினால் தொழிற்பட்டை கொஞ்சம் குறுகுகிறது.